நான்கு புதுத் தந்திகள்

மேலகரம்,
4-6-1961

அன்புள்ள ஜெபா,

உன் மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா? ஈறைக் கடித்துக்கொண்டு அழுகிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அவருக்குத் தெரியாத மருந்தையா நான் இங்கிருந்து சொல்லப் போகிறேன்?

முந்தாநாள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் தெரியாது, மதினிக்கு மட்டும் தெரியும்.

குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் மே கடைசியிலேயே இறங்கிவிட்டது. சீசனுக்கு வருகிறவர்களுக்காக, பஸ் நிற்கிற இடத்துக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகையில் மேடை கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட்டும் வாத்தியமும். பெரிய வித்வான்கள் யாரும் இல்லை. பெயர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம், ஆளுக்குக் கால் மணி நேரம். பெயர் எழுதிக்கொள்கிறவர் தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தளவாய் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் விட்டு நேரே அவர் கடைக்குப் போனேன். சேலை எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து ரெண்டு கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, குத்தாலத்து மேடைக்குப் பேரு குடுக்கணும்."

"ஆருக்கு? ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கா?"

"எனக்குத்தான். வயலின்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பாடுததுக்கு மூணு பொம்பளப் பிள்ளைய பேரு குடுத்திருக்கு. பிடில் வாசிக்க வந்தது நீதாம்மா மொதல்ல" என்றார்.

அதை உனக்கு எழுதவேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டேன். முதலில் வந்தது நான்தானாம்.

பாளையங்கோட்டை ட்ரெயினிங் ஸ்கூலில் இரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். பாட்டு டீச்சர் எதைச் சொன்னாலும் "ஜெபமலர், நீ வாசிச்சுக் காமி" என்றுதான் சொல்வாள். நான் அதைக் கேட்டுவிட்டு அப்புறம் வாசிப்பேன். இப்போது எனக்கு முன்னால் வாசித்துக் காட்ட ஆள் இல்லை. மோகனத்தில் நாம் படித்த கீர்த்தனையை வாசிக்கலாமா, வேறு எடுக்கலாமா? நீ சொன்னால் சரியாக இருக்கும்.

உன்
சண்முகசுந்தரி


குன்னூர்,
13-6-1961

என் பிரியமுள்ள சுந்தரி,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

நீ மேடை ஏறப்போவது கேட்டுச் சந்தோஷம். ஆனால் யோசித்துத்தான் பெயர் கொடுத்தாயா? தகரக் கொட்டகை என்கிறாய். மேலே மழை விழுந்தால் வயலின் எப்படிக் கேட்கும்? சீசன் கூட்டத்தை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தோடு வந்து உட்காருகிற ஆட்கள். அவர்களுக்கு மோகனமும் ஒன்றுதான், பஸ் ஹாரனும் ஒன்றுதான்.

இன்னொன்று. சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது உன் வில் பிடிக்கிற கை நடுங்கும். அது போய்விட்டதா? வகுப்பில் நடுங்கினால் டீச்சரும் நானும்தான் பார்த்தோம். அங்கே முந்நூறு பேர் பார்ப்பார்கள். ஒரு வருஷம் பொறுத்து அடுத்த சீசனுக்குப் பார்க்கலாமே.

இங்கே என் வயலின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துச் சுருதி சேர்ப்பதற்குள் பிள்ளை எழுந்துவிடுகிறாள். இவர் வாசிக்காதே என்றும் சொல்வதில்லை, வாசி என்றும் சொல்வதில்லை. எஸ்டேட் சர்ச்சில் ஒரு ஆர்மோனியம் இருக்கிறது, அதை வாசிக்க ஒரு ஐயா இருக்கிறார், அவர் யாரையும் கிட்டே விடமாட்டார். வீட்டைச் சுற்றித் தேயிலை. யாருக்கு வாசிப்பது?

மேடை ஏறினால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஏறவேண்டும் என்று ஆஸ்டல் மாடியில் ஒருநாள் பேசிக்கொண்டோம். உனக்கு ஞாபகம் இருக்கவேண்டும் என்று இல்லை. சும்மா எழுதுகிறேன்.

உன்
ஜெபமலர்


மேலகரம்,
21-6-1961

அன்புள்ள ஜெபா,

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?

விஷயம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தளவாய் அண்ணாச்சியே ரோட்டில் நிறுத்தி, "ஏட்டையா, ஒம்ம தங்கச்சி பிடில் வாசிக்கப் போறாளாமே, நல்ல காரியம்" என்று சொல்லியிருக்கிறார். என் அண்ணன் சுந்தரபாண்டியன் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள், வீட்டிலும் அதே உத்தியோகம்தான். தொப்பியைக் கழற்றாமலே வந்து நின்றான்.

"ஆர்ட்டக் கேட்டுப் பேரு குடுத்தே?"

"ஒங்கிட்டக் கேட்டா வேண்டாம்னு சொல்லுவே. அதான் கேக்கல."

"தெரியுதுல்லா? பெறவு எதுக்குக் குடுத்தே? நாளைக்கு வடகரைக்காரன் பொண்ணு கேட்டு வந்தா, குத்தாலத்துல கூட்டத்துக்கு முன்னால உக்காந்து வாசிச்ச பிள்ளையாம்னு சொல்லுவான்."

மாரித்தாய் மதினி தோசைக் கரண்டியோடு அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். "என்ன, களவாண்டுட்டா வந்திருக்கா? கால் மணி நேரம் பிடில் வாசிக்கப் போறா. அவ்வளவு பயமா இருந்தா நீங்களும் போயி பந்தோபஸ்துக்கு நில்லுங்க" என்றாள்.

அண்ணன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் சொன்னான். "ஒரு தரம். ஒரே ஒரு தரம். நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆச்சு, அன்னைக்கோட அந்தப் பிடில் என் பீரோவுக்குள்ள போயிரும். சாவி எங்கிட்டதான் இருக்கும். அதுக்கு மேல அதப்பத்திப் பேச்சே கெடையாது."

நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மிருதங்கத்துக்குக் கடற்கரை என்று ஒருத்தர் வருகிறார். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா, பஜனையில் வாசிக்கிறவர், ஐம்பது வயசு. இரண்டு தடவை எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டோம். என் கை இன்னும் நடுங்குகிறது, நீ சொன்னது சரிதான். ஆனால் முன்னைப்போல அவ்வளவு இல்லை.

ஒரு யோசனை சொல்லு. என் தந்திகள் இரண்டு வருஷத்துப் பழசு. கறுத்துப்போய்விட்டன, நாதம் செத்துக் கிடக்கிறது. புதுசு நாலும் திருநெல்வேலியிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது மாற்றுவது? ஸ்கூலில் நீதானே எனக்கு மாற்றித் தருவாய். நான் தந்தியை இறுக்குகிற பிருடையைக்கூட ஒழுங்காக முறுக்கிப் பழகவில்லை. சீக்கிரம் பதில் எழுது.

உன்
சுந்தரி


குன்னூர்,
28-6-1961

என் பிரியமுள்ள சுந்தரி,

போன கடிதத்தில் உன்னைப் பயமுறுத்திவிட்டேனோ என்று பிறகு வருத்தப்பட்டேன். நீ கட்டாயம் வாசிக்கவேண்டும். உன் அண்ணன் வாய் அடைத்துப்போகும்படி வாசிக்கவேண்டும். மோகனமே எடு. உனக்கு நன்றாகப் பழகினது.

தந்தி விஷயம். முன்கூட்டி மாற்றிவிடாதே. புதுத் தந்திக்கு முதல் நாள் இருக்கிற நாதம் மறுநாள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து நாலையும் ஒரேயடியாக மாற்று. சுருதி சேர்த்து, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து மூடிவிடு. மேடையில்தான் திறக்கவேண்டும். கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்கும்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன்.

உன்
ஜெபமலர்


மேலகரம்,
12-7-1961

ஜெபா,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ தெரிந்துகொள்ள ஆவலாக இருப்பாய். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் நிறைய. மதியமே மெயின் அருவியில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்க விடவில்லை. போக்கிடம் இல்லாத ஜனம் முழுக்கக் கொட்டகைக்குள் வந்துவிட்டது. எனக்கு முன்னால் கடையத்து வாத்தியார் ஒருவர் பாடினார். தொண்டை கட்டியிருந்தது, தாளமும் சேரவில்லை, ஆனாலும் எல்லோரும் தட்டினார்கள். அதைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது. மதினி முன் வரிசையில் இருந்தாள். அண்ணன் உட்காரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, ஒரு தூணை ஒட்டி நின்றான்.

உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். காலையில் சேர்த்த சுருதி அரைக்கட்டைக்கு மேல் இறங்கிக் கிடந்தது. மறுபடி சேர்த்தேன். அதற்கே இரண்டு நிமிஷம் போய்விட்டது. பிறகு மோகனம் ஆரம்பித்தேன். முதல் ஒரு நிமிஷம் நன்றாகவே இருந்தது, ஜெபா. என் கை நடுங்கவில்லை. முன் வரிசையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஆள் வாயை அசைக்காமல் கேட்டார். அதை நான் பார்த்தேன்.

அப்புறம் கீழ்த்தந்தி இறங்கியது. நிறுத்தி முறுக்கினேன். அதைச் சரிசெய்வதற்குள் பக்கத்துத் தந்தி இறங்கியது. அதையும் முறுக்கி வில்லை வைத்தால் முதல் தந்தி மறுபடி இறங்கியிருந்தது. கடற்கரை அண்ணாச்சி என் அவஸ்தையைப் பார்த்து, மூடி மறைக்க, தனியாக மிருதங்கத்தில் ஒரு ஆவர்த்தனம் வாசித்தார். மூன்றாவது தடவை நான் பிருடையில் கை வைத்தபோது பின்னாலிருந்து ஒருத்தன், "ஏ தாயி, அது பிடிலா, காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷினா?" என்றான்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. முறுக்குத் தின்ற ஆளும் சிரித்தார். அண்ணன் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தான்.

நான் பாதியில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு இறங்கினேன். தளவாய் அண்ணாச்சி, "மழைம்மா, மழை. ஒண்ணும் நினையாதே" என்றார். பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினான். பெட்டியைக் கொடுத்தேன். மதினி என்னவோ சொல்ல வந்தாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பீரோவைப் பூட்டினான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பையன்கள் ரெண்டு பேர் என்னைக் கண்டதும் கையால் மெஷின் சுற்றிக் காட்டிக்கொண்டு ஓடினார்கள்.

நீ சொன்னபடி அன்று காலையில்தான் நாலு தந்தியையும் மாற்றினேன். சரியாகத்தானே செய்தேன்?

சண்முகசுந்தரி


குன்னூர்,
18-7-1961

என் பிரியமுள்ள சுந்தரி,

கடிதத்தைப் படித்து மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. நீ சரியாகத்தான் செய்தாய். எல்லாம் சாரல் ஈரம். குற்றாலத்துக் காற்றில் மரம் ஊறிப் பிருடை நழுவும், அதற்கு யார் என்ன செய்யமுடியும்? அண்ணனின் கோபம் நாளாக ஆக ஆறிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்.

பிள்ளை அழுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

ஜெபமலர்


குன்னூர்,
27-7-1961

சுந்தரி,

போன கடிதத்தில் சாரல் ஈரம் என்று எழுதியது பொய்.

புதுத் தந்தி நாலைந்து நாளைக்கு இழுபட்டு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் ஸ்கூலில் உன் தந்தியை எப்போதும் திங்கட்கிழமை மாற்றித் தருவேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் நிலைத்துவிடும். நீ காரணம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உன்னைக் காலையில் மாற்றச் சொன்னது மறதியில் இல்லை. தெரிந்தே எழுதினேன். எழுதும்போது என் கை நடுங்கவும் இல்லை. கடிதத்தை ஒட்டி இவர் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

நீ முதல் கடிதத்தில் எழுதியதைப் படித்ததும் எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதினேனே, அதுவும் பொய். ஐந்து நாளும் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெந்துகொண்டிருந்தேன். நான் வாசித்ததைக் கேட்டு வாசித்தவள் நீ. என்னைவிட நன்றாக வாசித்து மேடை ஏறினால்கூடப் பொறுத்திருப்பேன். என் அளவுக்கு வாசிக்காத நீ ஏறப் போகிறாய், நான் தேயிலைக்கு நடுவில் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஊரில் எல்லோரும் எனக்கு நல்ல மாப்பிள்ளை, தங்கமான பிள்ளை என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் தாங்கவில்லை.

ஒன்பதாம் தேதி ஐந்து மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது உட்காருவாள், இப்போது திறப்பாள், இப்போது கீழ்த்தந்தி இறங்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்தது. காப்பிக்கொட்டை மெஷின் என்ற இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். மடியில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்து அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் சிரித்ததைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அப்போதும் உண்மையை எழுதத் தைரியம் இல்லாமல் சாரல் என்று எழுதினேன்.

இந்தக் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டு. குற்றம் உன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியவேண்டும். மதினியிடமும் காட்டு. என் அம்மாவுக்குத் தெரிந்தாலும் தெரியட்டும். தென்காசியில் அம்மா வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் உன் அண்ணன் ஸ்டேஷன் இருக்கிறது, இந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை.

ஜெபமலர்


மேலகரம்,
20-8-1961

ஜெபமலருக்கு,

உன் கடிதத்தை ஒன்பது நாள் என் நோட்டுப் புஸ்தகத்துக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை. உன்னைக் காப்பாற்றவேண்டும் என்ற எண்ணம் இல்லை. எனக்கு உன்மேல் இருந்த ஆத்திரம் தீருகிற வரைக்கும் அது என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். தீரவில்லை.

எனக்கு முன்னமே தெரியும். மேடையை விட்டு இறங்கின உடனே, கொட்டகைக்குப் பின்னால் கடற்கரை அண்ணாச்சி கேட்டார்.

"டீச்சர், தந்தி எப்ப மாத்துனிய?"

"இன்னிக்குக் காலையில."

"ஆரு சொன்னா?"

"என் சிநேகிதி. ரொம்ப நல்லா வாசிப்பா."

அவர் மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டே, "நல்லா வாசிக்கவ அப்படிச் சொல்ல மாட்டாளே" என்றார். பஸ்ஸில் வரும்போது நான் அண்ணனைப் பற்றி நினைக்கவில்லை, சிரித்தவர்களைப் பற்றியும் நினைக்கவில்லை. உன்னைத்தான் நினைத்தேன். பிறகு எழுதிய கடிதத்தில் சரியாகத்தானே செய்தேன் என்று கேட்டது நீ என்ன சொல்லுகிறாய் என்று பார்க்கத்தான். சாரல் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆனால் நானும் ஒன்று சொல்லவேண்டும். ஒன்பது நாளில் ஒருநாள் அது எனக்கே தெரிந்தது. மேடைக்குப் பெயர் கொடுத்ததை நான் அம்மா ஊரில் இருக்கிற சித்திக்கு எழுதவில்லை. கூடப் படித்த உலகம்மைக்கு எழுதவில்லை. உனக்கு மட்டும் எழுதினேன். பிடில் வாசிக்க வந்தது நீதான் முதலில் என்று அண்ணாச்சி சொன்னதை வேலை மெனக்கெட்டு எழுதினேன். நீ எரியவேண்டும் என்றுதான் எழுதினேன். ரெண்டு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் எரிந்தது உனக்குத் தெரியாது. "ஜெபமலர், நீ வாசிச்சுக் காமி" என்று டீச்சர் சொல்லும்போதெல்லாம், உன் தந்தி ஒன்று அறுந்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். நான் நினைத்ததோடு சரி, நீ செய்துவிட்டாய். அந்த வித்தியாசம் பெரியதுதான். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பத்தாவது நாள் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தான்.

"கையெழுத்து அந்தப் பிள்ளையோடதுதானா?"

"ஆமா."

"ஆராச்சும் மிரட்டி எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல. அவளாத்தான் எழுதியிருக்கா."

"இருபது வருச சர்வீசுல, கேக்காமலே ஒருத்தன் இப்படி எழுதித் தந்து நான் பாத்ததில்ல" என்றான். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்து, பெட்டியை என் முன்னால் வைத்தான். "வர்ற ஞாயித்துக்கெழம மேடை இருக்கா?" என்று கேட்டான்.

பதின்மூன்றாம் தேதி மறுபடி வாசித்தேன். சீசன் முடிகிற நேரம், நாற்பது பேர்கூட இல்லை. மோகனத்தை முழுக்க வாசித்தேன். ரொம்ப நன்றாக வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். மேல் ஸ்தாயியில் கை நடுங்கியது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் இந்தத் தடவை உட்கார்ந்து கேட்டான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. அடுத்த வருஷம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவாய் அல்லவா? தளவாய் அண்ணாச்சியிடம் உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். உன் பெயர் மட்டும்தான். நான் மேடைக்கு வரமாட்டேன், கீழேதான் இருப்பேன். நீ வாசிப்பதைக் கீழே உட்கார்ந்து கேட்டால் எனக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும்.

சண்முகசுந்தரி


குன்னூர்,
14-5-1962

சுந்தரிக்கு,

வரமாட்டேன் என்று மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்ததைச் சொன்னபோது அவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நீ வாசிக்கணும்னு இவ்வளவு நெனச்சது எனக்குத் தெரியாதே. ஏன் சொல்லல?" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை அவர்தான் இழுத்து எடுத்தார். இப்போது தினமும் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் நடக்கப் போய்விடுகிறார். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு.

விரல்கள் இரும்பாகிவிட்டன. உன்னிடம் கை நடுங்கும் என்று எழுதியவளுக்கு இப்போது இரண்டு கையும் நடுங்குகிறது. உன் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன். ஜூன் பதினேழாம் தேதிக்கு எழுதிக்கொள்ளச் சொல்.

ஜெபமலர்


குன்னூர்,
26-6-1962

என் பிரியமுள்ள சுந்தரி,

ஊருக்கு வந்து பத்து நாள் இருந்தேன். நாம் நாலு தடவை சந்தித்தோம். பிள்ளையைப் பற்றிப் பேசினோம், உன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம், வடகரைக்காரர் பெண் கேட்டு வந்ததைப் பற்றிக்கூடப் பேசினோம். மேடையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. எதிரே நின்று பேச எனக்கு வராது. எழுதத்தான் வரும்.

பதினேழாம் தேதி காலையில் இரண்டு தடவை பெட்டியைத் திறந்து சுருதி பார்த்தேன். உன் அண்ணன் என்னை எப்படிப் பார்ப்பாரோ என்று பயந்தேன். அவர், "வாம்மா, மழை வரதுக்குள்ள மேடை ஏறிரு" என்று மட்டும் சொல்லி என் பெட்டியை வாங்கிக்கொண்டார். கொட்டகையில் கூட்டம் நிறைய இருந்தது. மேடையில் உட்கார்ந்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. முதல் ஒன்றிரண்டு நிமிஷம் என்ன வாசித்தேன் என்று இப்போதும் தெரியாது. கடற்கரை அண்ணாச்சிக்கு என் விஷயம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கை இளகியது. எங்கே என்று தெரியவில்லை, அனுபல்லவி முடிகிற இடமாக இருக்கும். வில் தானாகப் போகத் தொடங்கியது. தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது, என் வயலினும் அதற்கு மேலே கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நீ இரண்டாவது வரிசையில் மதினிக்குப் பக்கத்தில் இருந்தாய்.

நீ சிரிக்கவில்லை. தலையும் ஆட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் இடது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஸ்கூலில் உன் பக்கம் நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த முகம் ரெண்டு வருஷமும் என் பக்கத்தில் இருந்திருக்கிறது.

முடித்ததும் எல்லோரும் தட்டினார்கள். உன் அண்ணன் தட்டினார். என் வீட்டுக்காரர் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்தார். நீ தட்டவில்லை. கை இரண்டும் மடியிலேயே கிடந்தது. மதினி உன்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தட்டி முடித்த பிறகு நீ தட்டினாய். இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்து, "சரணத்துல கொஞ்சம் வேகமா ஓடிட்டியேட்டி" என்றாய்.

சுந்தரி, தளவாய் அண்ணாச்சி பிரமாதம் என்றார். என் அம்மா அழுதாள். யார் சொன்னதும் என் மனசில் ஒட்டவில்லை. ரயிலில் வரும்போது உன் கை தட்டாமல் மடியில் கிடந்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படியானால் நான் நன்றாகத்தான் வாசித்திருக்கிறேன்.

உன்
ஜெபா